நீலமாகத் திறந்த பக்கம்

"தம்பி, நீங்க சொன்ன மாதிரி ஃபைல் பேரை '.பதில்'னு முடிச்சேன். அவர் கம்ப்யூட்டர்ல எனக்கு எழுதி வெச்ச லெட்டர் மாதிரியே நீலமா திறக்குதே! அவருக்குச் சம்மதம்னாத்தான் நீலமா வரும்னீங்களே!"

இறந்த கணவனின் மனம் தெரியாமல் மறுமணத்துக்குத் தலையாட்ட மாட்டேன் என்றிருந்த அண்ணி, திரையைக் காட்டினாள்.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "பேர் எப்படி முடியுதுன்னு பார்த்துத்தான் நாம எழுதுற எடிட்டர் ப்ரோகிராம் எந்த மோடு, எந்த நிறம்னு முடிவு பண்ணும் அண்ணி. யாராவது முன்னாடியே செட்டிங் பண்ணியிருந்தாத்தான் நீலமா வரும்."

"அப்போ அவருக்குச் சம்மதம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் 'சரி' என்று தட்டினாள்.

கூடத்தில் அம்மா அவன் காதைக் கடித்தாள். "கில்லாடிடா நீ! அண்ணனே செஞ்சு வெச்ச மாதிரி செட்டிங்கைப் போட்டுட்டியே!"

"அதைப் போடத்தாம்மா வந்தேன்," என்றான் அவன், முகம் வெளிறி. "இன்னும் கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல."