பூவுக்கு வைத்த பெயர்

"என் பேரை எடுத்துடுங்க! உங்க அம்மா பேரை வையுங்க, பூனை பேரை வையுங்க, என் பேர் வேண்டாம்!"

பக்கத்து வீட்டுச் சத்தம் என் அடுப்படி வரை வந்தது. நான் காதைத் தீட்டவே வேண்டியிருக்கவில்லை.

புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கல்லூரியில் தாவரவியல் வேலை. வெங்காயம் மாதிரிக் கிழங்கு விட்டுப் பூக்கும் காட்டுச்செடி ஒன்று மலைச்சரிவில் அகப்பட்டதாம். உலகத்துக்கே புதுசாம். அதற்கு அவர் பெண்டாட்டி பெயரை வைத்துவிட்டார். தெருவில் எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். என் வீட்டுக்காரர் கடைக்குக்கூடத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

ஏணி கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். அவள் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, பூவுக்கே உன் பேரை வெச்சிருக்காரு. இதுக்குப் போய் அழுவாங்களா?"

"அக்கா, முட்டி தேய மலையேறி அதைக் கண்டுபிடிச்சது நான். பூவைப் பிரிச்சு வரைஞ்சது, இது புது இனம்னு எழுதினது, எல்லாம் நான்."

"அதனாலதானே உன் பேரு?"

"எங்க தொழில்ல யாரும் தன் பேரைத் தானே செடிக்கு வெச்சுக்க மாட்டாங்க. கேவலம். பூவுக்கு என் பேருன்னா, அச்சாகுற கட்டுரையில கண்டுபிடிச்சவங்க இடத்துல நான் வர முடியாது. அங்க இப்ப அவர் பேர் மட்டும்தான்."

அச்சில் எதுவும் மாறவில்லை. அவள் வேறு ஊர்க் கல்லூரிக்கே போய்விட்டாள். தெருவில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்; முதன்முறையாக என்னை யாரும் நம்பவில்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷர் என்று அவருக்கு அத்தனை நல்ல பெயர்.