பதினோரு பேரும் ஒரு வெப்சைட்டும்

நாலாவது முறையாக வீரபத்திரன் மாடிப்படி ஏறி வந்தபோது, ஸ்வர்ணா கீபோர்டை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு பேர் வுட்டுப்போச்சும்மா," என்றார். "அப்பளம் பொரிக்கிற கௌரியம்மாள்."

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள் ஸ்வர்ணா. அவள் செய்யும் முதல் வெப்சைட் இது. இதைப் பார்த்துவிட்டுத்தான் மலையடிவாரத்து லாட்ஜ்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்கும் செய்யச் சொல்வதாக இருந்தார்கள். சொதப்பினால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ்தான்.

வீரபத்திரன், மலைமேல் நடக்கிற கல்யாணங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். முதல் நாளே அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். கம்பெனியைப் பற்றி நாலு வரி, மெனு, இலை நிறையப் பரிமாறின சாப்பாட்டு போட்டோ, ஒரே ஒரு செல் நம்பர். இதைக் கொடுத்தால் பத்தே நாளில் சைட் ரெடி.

ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டுப் போன மனுஷன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியலோடு வந்தார். சாம்பார், கண்ணையன். வடை, ஜெயம்மா. பந்தி பார்ப்பது, சுப்பன். இப்படிப் பத்து பேர், ஒவ்வொருவருக்கும் போன் நம்பர். செல் இல்லாத ஜெயம்மாவுக்கு நாகராஜன் மளிகைக்கடை நம்பர், பக்கத்திலேயே பி.பி., அதாவது கூப்பிட்டுக் கொடுக்கிற போன், என்று குறிப்பு.

இலை போட்டோ எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த நடையில் பத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வந்தது. ஆண்கள் அத்தனை பேரும் ஒரே கோட் மாட்டிக்கொண்டு. ஸ்டுடியோக்காரன் கோட். கண்ணையனுக்கு பட்டன் மூச்சுத் திணறியது. சுப்பன் அதே கோட்டுக்குள் நீந்திக்கொண்டிருந்தான்.

ஸ்வர்ணா பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். சென்னையில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து சைட்டைப் பார்க்கிறவன், மளிகைக்கடைக்கு போன் போட்டு வடை ஜெயம்மாவைக் கேட்பானா? நாகராஜன் என்ன சொல்வான் என்பதை, அவன் மூக்காலேயே பேசிக்கூடக் காட்டினாள்.

"எந்த ஜெயம்மா? காலைல துவரம்பருப்பு வாங்கினு போச்சே, அதுவா?"

வீரபத்திரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, இருக்கட்டும் போடு என்றார்.

போட்டாள். ஆனால் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் நம்பரையும் கொட்டை எழுத்தில் மினுக்கவிட்டு, பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தாள். இன்றைக்கு வந்தவர், பட்டியலை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். போதாக்குறைக்கு, ஒவ்வொரு நம்பரையும் அவளைப் படிக்கச் சொல்லி, தன் செல்லில் அடித்து, மணி கேட்டதும் கட் செய்து சரிபார்த்தார். பதினோரு மிஸ்டு கால். பதினோரு நம்பரிலிருந்தும் திருப்பிக் கூப்பிட, ஒவ்வொருவரிடமும் "ஒண்ணுமில்லபா, வையி" என்றார்.

ஸ்வர்ணாவுக்குப் பொறுமை அறுந்தது.

"சார், கொஞ்சம் யோசிங்க. இதைப் பாத்தா எவனாவது உங்க ஆளுங்களை நேராவே கூப்ட்டுக்கினு போயிடுவான். அப்புறம் வீரபத்திரன் கேட்டரிங்ல வீரபத்திரன் மட்டுந்தான் கரண்டியோட நிப்பாரு. ஒரு நம்பர் போதும் சார். மத்தது வேணாம்."

அவர் நாற்காலியை மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்றதும் சரிதான். நம்பரை எடுத்துடு."

அப்பாடா என்று மவுஸைப் பிடித்தாள் ஸ்வர்ணா. அவர் விரல், மேலே மினுக்கிக்கொண்டிருந்த அவருடைய நம்பரின் மேல் போய் நின்றது.

"சார், அது உங்களுது."

"ஆங், அதான். அடுப்பாண்டயே நிக்கக்கூடாதுன்னுட்டாரும்மா டாக்டர். தையோட நான் நிறுத்திக்கறேன், நம்ம ஆளுங்களுக்கு இன்னும் தெரியாது. எவனாச்சும் அவங்களை நேரா கூப்ட்டுக்கினு போவணும்னுதான் இந்த சைட்டே."