நார்மல்

காலையில் அவள் கொடுத்த ரத்தத்துக்கு மாலையில் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் கணவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோபி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன லேப்பில் காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நார்மல்" என்றான்.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. வாசலில் அவன் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வியர்க்கும். அடுப்படியில் நின்றபடி காரணமில்லாமல் அழுவாள்.

காரணமில்லாமல் என்பது மாமியாரின் வார்த்தை.

டாக்டரம்மாதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பயந்தால் உடம்பில் கார்ட்டிசோல் என்று ஒன்று சுரக்குமாம். ஆபத்து நேரத்தில் நல்லது. நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தால் அது தூக்கத்தைக் கெடுக்கும், மனதையும் சாய்த்துவிடும். மாத்திரை கொடுத்தார். சுரப்பியில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ள கார்ட்டிசோல் அளவைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

அவன் காதில் விழுந்தது அந்தப் பரிசோதனை மட்டும்தான்.

அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் மாத்திரையும் கிடையாது, டாக்டரும் கிடையாது. அன்றைக்கே சொல்லிவிட்டான்.

அந்த மாத்திரையால்தான் அவளுக்குக் கொஞ்சமாவது கண் அசந்தது.

லேப் பெண் போனில் சொல்லியிருந்தாள்: முதல் நாள் நன்றாகத் தூங்க வேண்டும், டென்ஷன் கூடவே கூடாது.

வீடு அடங்கியது. விரதம் இருப்பதுபோல் அப்படியொரு கட்டுப்பாடு.

மாமியார் தன் காபியைத் தானே கலந்துகொண்டாள். குழம்பில் உப்பில்லை என்று யாரும் தட்டைத் தள்ளவில்லை. அவன் பைக்கைத் தெருமுனையிலேயே அணைத்து, உருட்டிக்கொண்டு வந்தான்.

எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பைக் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் விடியும்வரை தூங்கினாள். வெட்கங்கெட்ட உடம்பு, கிடைத்த ஒரு ராத்திரிக்கு அப்படி நிம்மதியாகத் தூங்கியது.

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுப் படியேறியதுமே, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறது என்றாள் மாமியார். விரதம் முடிந்தது.

இப்போது ரிப்போர்ட்.

"இத்தன நாளும் நடிச்சிருக்கறா பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான் அவன். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உங்கப்பன் வூட்டுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

குரல் ஏறியது. அவள் பையைப் பிடுங்கினான். மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை வியர்த்தது. வழக்கம்போல்தான்.

ஆனால் இந்த முறை அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கால் நுனிவரை கோபம்.

எழுந்தாள். ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு, விரல்களை இறுக மூடி, கையை நீட்டினாள்.

ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த லேப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப எடு, கண்ணு."

வெளியே அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதைக் கேட்டபடி நின்றாள்.

ஊசியை எடுக்கவில்லை. போய்க் கதவைத் தாழிட்டாள்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.