பல்லி சொன்ன பலன்

நோயில் கிடந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி கத்தியது. மகன் தணிகாசலம் பஞ்சாங்கத்தைப் புரட்டினான்.

"பல்லி சொன்ன பலன் சரியில்லை. நாளைக்குப் போகலாம்" என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

"அப்படி என்னதான் சொன்னே?" என்று கூண்டுக்கிளி பல்லியைக் கேட்டது.

"நான் ஒண்ணுமே சொல்லலை. தொண்டை அரிச்சுது, கத்தினேன்."

கட்டிலில் அம்மா, "மூச்சு முட்டுதுடா, கூட்டிட்டுப் போடா" என்று முனகிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் முனகல் நின்றுவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே, கிளி அவள் குரலிலேயே சொன்னது: "மூச்சு முட்டுதுடா, கூட்டிட்டுப் போடா."

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அதை விடுங்க" என்றான் தணிகாசலம். "அது பாட்டுக்கு அர்த்தம் தெரியாமக் கத்துது."