மூன்று நாள் வெயில்

மலைமேல் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் செத்த நிலத்தில் புல் பிடிக்க அதிகாரிகள் ஒரு மூட்டை உயிர்மண் கொடுத்தார்கள். புல்லும் மரமும் கலந்த காடு மிச்சமிருந்த ஒரே மேட்டிலிருந்து வெட்டிய மண். இனி வெட்ட அங்கும் இல்லை. வரும் மழைக்காலம் முடிவதற்குள் யார் நிலத்தில் புல் வேர்பிடிக்கவில்லையோ, அந்தக் குடும்பம் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

புல்நாற்று வாங்கப் போன மாதேவி மூன்று நாள் கழித்துத் திரும்பினாள். வாசலில் தார்ப்பாய் விரித்து அந்த மண் பரப்பியிருந்தது. பக்கத்தில் அவள் கணவன் சித்துராஜ் குச்சியோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏமாத்திப்புட்டானுங்க புள்ள. மூட்டையப் பிரிச்சா உள்ள பூரா பூசணம். வெள்ளை வெள்ளையா நூலு. நல்லவேளை, நான் பாத்தேன். மூணு நாளு வெயில்ல போட்டேன், இப்ப ராகியாட்டம் இருக்குது.”

அந்த நூலுக்காகத்தான் மண்ணையே கொடுத்தார்கள். வேருக்குத் தண்ணீர் கொண்டுவருவது அதுதான் என்று மண் கொடுக்குமுன் நடத்திய பயிற்சியில் சொன்ன அன்று சித்துராஜ் காய்ச்சலில் கிடந்தான். வந்து அவனிடம் சொன்னோமா என்று யோசித்தாள். நினைவில்லை.

ஒரு பிடி அள்ளினாள். மாவாக உதிர்ந்தது.

“காவலுக்குன்னு உக்காந்தேன். ஒரு கோழி வந்து கிளறணுமே? அவ்ளோ சுத்தம்.”

“சாக்கு எங்க?”

கொடியில் கிடந்த சாக்கை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். வெள்ளையாக ஒரு நூலாவது மிஞ்சியதா என்று தையலோரம் முழுக்க நகத்தால் தடவிப் பார்த்தாள்.

“ஏதாச்சும் ஈரம் ஒட்டியிருக்குதா?” அவன் பதறி எழுந்தான். “நல்லாத்தானே உதறினேன்.”

“இல்ல,” என்றாள். “ஒண்ணும் ஒட்டல.”