ஆறாயிரம் ஷேர்

"இன்னிக்காவது வித்துடுங்க வாப்பா. நேத்து ஒரே நாள்ல ஒன்றரை டாலர் இறங்கியிருக்கு."

ஸ்பீக்கரில் மகன் இர்ஃபானின் குரல். நியூஜெர்சியில் அவனுக்கு மணி ஒன்பதேகால். கலிஃபோர்னியா டப்ளினில் வாப்பாவுக்கு ஆறேகால். மார்க்கெட் திறக்க இன்னும் கால் மணி நேரம்.

"பார்க்கலாம்ப்பா. நீ சாப்பிட்டியா?" என்றார் சேக் தாவூத்.

"அதை விடுங்க. லாகின் பண்ணிட்டீங்களா?"

"பண்றேன். என் பேத்தி ஹஃப்சாவுக்குச் சளி குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிடுச்சு. பேச்சை மாத்தாதீங்க வாப்பா. எனக்கு ஒன்பதரைக்கு மீட்டிங்."

எதிரே காபியோடு உட்கார்ந்திருந்த தேவநேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், ஒரே தெருக்காரர்கள். 2008 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் ஷேர் விலை ஆட்டம் காண ஆரம்பித்ததுமே தேவநேசன் தன்னிடம் இருந்ததை விற்றுத் தப்பித்துவிட்டார். சேக் தாவூத் மட்டும் ஆறாயிரம் ஷேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு டாலருக்கு இருந்தது இப்போது பத்தொன்பது. எழுபத்திரண்டாயிரம் டாலர் போயே போய்விட்டது.

யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நாளைக்குப் பார்க்கலாம்."

மனைவி அமீனா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தனி ஆள். இருக்கிற வீட்டுக்குக் கடனும் இல்லை. இந்த வயதில் இவ்வளவு ஆசை எதற்கு என்று தேவநேசனுக்குப் புரியவே இல்லை. இன்று கேட்டே விட்டார்.

"தப்பா நினைக்காதீங்க பாய். இது ஆசைகூட இல்ல, பேராசை. அமீனாக்கா இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாங்களா?"

சேக் தாவூத் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேப்டாப்பை தேவநேசன் பக்கம் தள்ளினார்.

"நீயே போட்டுக் கொடு நேசன்."

தேவநேசன் விடுவாரா? மனசு மாறுவதற்குள் விற்பதற்கான விவரங்களை மளமளவென்று நிரப்பிக் காட்டினார். மார்க்கெட் திறந்ததும் சேக் தாவூத் தன் விரலாலேயே பட்டனை அழுத்தினார். ஆறாயிரமும் ஒரே மூச்சில் விற்றுப் போனது.

"முடிஞ்சுதா? அல்ஹம்துலில்லாஹ்." லைனிலேயே இருந்த இர்ஃபான் பெருமூச்சு விட்டான். "ரொம்ப தேங்க்ஸ் நேசன் அங்கிள். ஒன்றரை மாசமா டெய்லி அலாரம் வெச்சு இவருக்கு போன் பண்ணிட்டிருந்தேன். மீட்டிங்குக்கு லேட்டாப் போய் மேனேஜர்கிட்ட திட்டு வேற. இனிமே அந்தத் தொல்லை இல்ல. ஓகே வாப்பா, பக்ரீத்துக்குக் கூப்பிடறேன்."

போன் வைக்கப்பட்டது. பக்ரீத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் தேவநேசன் இன்னொரு கப் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லேப்டாப்பும் கையுமாக சேக் தாவூத் நின்றிருந்தார். ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை.

"நேசன், ஷேர் வாங்கறது எப்படின்னு கொஞ்சம் சொல்லித் தா."

"எந்த ஷேர் பாய்?"

"நேத்து வித்தோமே, அதேதான்."

தேவநேசனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "மறுபடியுமா? அது இன்னும் இறங்கும் பாய். டிவியில எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"என்ன பாய் சொல்றீங்க?"

சேக் தாவூத் தலை குனிந்துகொண்டார்.

"அது இறங்கினாத்தான் இர்ஃபான் போன் பண்ணுவான்."