கொள்ளிவாய்

"இவனை என் பிள்ளைன்னு வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு தம்பி" என்றார் அம்மா.

நிருபருக்கு வந்த வேலை உட்கார்ந்த இடத்திலேயே முடிந்த மாதிரிதான். செல்போனை அம்மாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்து, பதிவாகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கொள்ளிவாய் என்ற பேரில் மேடையேறிய அந்தப் பிள்ளையை நிருபருக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மைக்கைக் கடித்துத் துப்புகிறவன் போல ராப் பாடி, வீட்டுக்காரனிலிருந்து மந்திரி வரை ஒருத்தர் விடாமல் கெட்ட வார்த்தையில் கிழித்தவன். அது சலித்ததும் சினிமாவில் அடியாளாகி, படத்துக்குப் படம் கதாநாயகர்களிடம் உதை வாங்கினான். இப்போது கதை, வசனம், இயக்கம், நடிப்பு எல்லாம் அவனே.

முந்தின நாள் பத்திரிகைக்காரர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நிருபர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். விமர்சனத்தை அதற்கும் முன்பே எழுதி வைத்திருந்தார். பெற்றவள் வாயால் நாலு வார்த்தை கிடைத்தால் தலைப்பும் தயார்.

"படம் பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன். ஆளாளுக்கு அழறாங்க, ஆளாளுக்கு மன்னிப்புக் கேக்கறாங்க. சொந்தமா எழுதறேன்னான், எழுதித் தொலைன்னு விட்டேன். சுருக்குன்னு ஒரு வசனம் இருக்கா அதுல?"

"நடிப்பு?"

"உதை வாங்கறதுல குறை சொல்ல முடியாது. வாயத் திறந்தாத்தான் வண்டவாளம் தெரியுது."

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. மேடையில் கூட்டத்தையே ஆட்டி வைத்த கொள்ளிவாய், மூக்குக் கண்ணாடியோடு இரண்டு கோப்பை டீயை ஏந்திக்கொண்டு வந்தான். மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். அம்மா "உக்காரு" என்ற பிறகுதான் உட்கார்ந்தான்.

நிருபர் முகத்தில் அனுதாபத்தை வரவழைத்துக்கொண்டார். "நீங்க வேலை பார்த்தவங்க இல்லையாம்மா?"

"மின்சார ஆபீஸ்ல. கரண்டு போச்சுன்னா ஊரே போன் பண்ணித் திட்டுமே, அந்தப் போனை எடுத்தது நான்தான். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே நாற்காலி."

"கௌரவமான வேலை" என்றார் நிருபர், கொள்ளிவாயைப் பார்த்து.

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படி இருந்தவங்க நீங்க. இவர் பாடினதையெல்லாம் கேட்டிருப்பீங்க. காது கூசற வார்த்தைங்க. தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடிஞ்சுதாம்மா உங்களால?"

"அம்மா, வேணாம்மா" என்றான் கொள்ளிவாய் மெதுவாக.

"ஏன்டா வேணாம்? இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்."

நிருபர் செல்போனை அம்மாவின் பக்கம் இன்னும் ஒரு விரற்கடை தள்ளினார். பத்திரிகையின் முதல் பக்கமே அவர் கண்முன் விரிந்துவிட்டது.

"வெக்கமாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார் அம்மா. "முதல் பாட்டு வெளிவந்த அன்னைக்கே இவனை எதிர்ல உக்கார வச்சுக் கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"நான் எழுதிக் குடுத்த கெட்ட வார்த்தையில பாதியக் காணோமே, எங்கடான்னு."